பெயர் கொடுத்துப் புறப்பட்டவர்கள்

மனிதன் தன் வீட்டை விட்டு நெடுந்தூரம் போவதற்குக் காரணங்கள் பல. வயிற்றுப் பிழைப்புக்காகப் போகிறவன் உண்டு. வாணிகத்துக்காகப் போகிறவன் உண்டு. கடனுக்கும் வழக்குக்கும் அஞ்சி ஓடுகிறவனும் உண்டு. நம்முடைய பாட்டன்மாரில் பெரும்பாலார் இந்நாட்டுக்கு வந்தது முதற் காரணத்தாலேயாம். ஆனால் வரும்படி குறையும் என்று தெரிந்தே, உயிருக்கு உறுதியில்லை என்று தெரிந்தே, ஒரு பொதுக் காரியத்துக்காகப் பிறநாட்டில் பல ஆண்டு உழைப்பதற்குத் தாமே முன்வந்து பெயர் கொடுப்பவர்கள் சிலரே. அத்தகையோர் கூட்டம் ஒன்று 1939-ம் ஆண்டில் நம்முடைய சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலேறிற்று. அவர்கள் ஏறத்தாழ 3,200 பேர். மலாயாவிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் லாரி ஓட்டியும் பட்டறையில் மோட்டார் செப்பனிட்டும் பிழைத்துவந்த சீனத் தொழிலாளர்கள் அவர்கள்.

நான் ஆங்கிலப் பாடசாலையில் படித்தவன். நான் படித்த சரித்திரப் புத்தகத்தில் 1942 இருந்தது. ஜப்பானியர் சைக்கிளில் வந்ததும் சிங்கப்பூர் விழுந்ததும் இருந்தன. 1939-ல் புறப்பட்ட இம்மூவாயிரவரைப்பற்றி ஒரு வரியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டுக் காரியமாகப் பினாங்கு சென்றிருந்தபோது, ஆயர் ஈத்தாமில் உயர்ந்து நிற்கும் ஒரு நினைவுத் தூணைக் கண்டு, அது யாருக்காக என்று உடன் வந்த சீன நண்பரைக் கேட்டேன். “எங்கள் டிரைவர்களுக்காக” என்றார். அரசர்க்கும் தளபதிக்கும் சிலை வைத்துப் பார்த்திருக்கிறோம். லாரி ஓட்டினவனுக்குத் தூண் எழுப்பியிருக்கிறார்களே, அவன் செய்தது என்ன என்று அன்று முதல் தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதை நம்மவர்க்குச் சொல்ல விரும்புகிறேன். தொண்டுக்காக வீட்டை விட்டுப் புறப்படுவோன் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் யாது, அவனை அனுப்புவோர் செய்துவைக்க வேண்டிய ஆயத்தம் யாது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இச்சரித்திரத்தில் விடை இருக்கிறது.

பாதை பிறந்த விதம்

1937 ஜூலை 7-ந் தேதி பீக்கிங் நகருக்கு அருகே ஜப்பானியப் படைக்கும் சீனப் படைக்கும் சண்டை மூண்டது. அது பெரும் யுத்தமாகப் பரவிற்று. சீனாவின் கடற்கரைத் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜப்பானியர் வசமாயின. 1938 அக்டோபரில் கான்ட்டனும் ஹாங்கௌவும் விழுந்தன. சீன அரசு உள்நாட்டு மலைப்பகுதியிலுள்ள சுங்கிங் நகரத்துக்குப் பின்வாங்கிற்று. துறைமுகம் இல்லாத நாட்டுக்குத் துப்பாக்கியும் மருந்தும் பெட்ரோலும் எப்படிப் போய்ச் சேரும்? இரண்டே வாயில்கள் முக்கியமாக எஞ்சின. ஒன்று, பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து குன்மிங் நகரத்துக்குப் போகும் ரயில். மற்றொன்று, அப்போது பிரிட்டிஷாருக்குக் கீழ் இருந்த பர்மாவிலிருந்து யுன்னான் மாகாணத்துக்குள் புதிதாக வெட்டிய மலைப்பாதை. அதுவே உலகம் அறிந்த பர்மா ரோடு.

அப்பாதையை வெட்டியவர்கள் யுன்னான் நாட்டுப்புற மக்கள். ஆண், பெண், கிழவர், சிறுவர் என்று ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அதில் உழைத்தார்கள் என்பர். யந்திரம் மிகக் குறைவு. மண்வெட்டியும் கூடையும் கையுமே மிகுதி. ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ரயிலில் லாஷியோ வரை வரும். லாஷியோவிலிருந்து குன்மிங் வரையில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் போகவேண்டும். பாதை 1938-ல் முடிந்தது. லாரிகளும் வரத் தொடங்கின. ஆனால் ஓட்டுவதற்கு ஆள் இல்லை. யுன்னானில் மோட்டார் வண்டியே அரிது. பழக்கமில்லாதவர் கையில் கொடுத்த லாரிகள் பள்ளத்தில் உருண்டன. பழுதானால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரும் சொற்பம்.

அந்த ஆட்கள் மலாயாவில் இருந்தார்கள். ரப்பரும் ஈயமும் ஏற்றிச் செல்வதற்காக இந்நாட்டில் மோட்டார் ரோடுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டுவிட்டன. சிறு பட்டணத்திலும் ஒரு பட்டறை இருந்தது. அப்பட்டறைகளில் கை கறுத்த இளைஞர்கள்தாம் ஒரு நாட்டின் யுத்தத்துக்கு இன்றியமையாதவர்களாக ஆனார்கள்.

அழைப்பு

1938 அக்டோபர் 10-ந் தேதி தென்கடல் நாடுகளிலுள்ள சீனச் சங்கங்களின் பிரதிநிதிகள் சிங்கப்பூர்ச் சீன உயர்நிலைப் பள்ளியில் கூடி ஒரு பொது நிவாரண சம்மேளனம் அமைத்தனர். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டான் கா கீ. இவர் 1874-ல் சீனாவில் பிறந்து, இளமையில் சிங்கப்பூர் வந்து, அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும்பொருள் ஈட்டி, அப்பொருளைப் பள்ளிக்கூடங்களுக்கே வாரிக் கொடுத்தவர். சம்மேளனம் கூடிய அப்பள்ளியும் 1919-ல் அவர் முயற்சியால் தோன்றியதே. சீனாவிலுள்ள அமோய் சர்வகலாசாலையை 1921-ல் நிறுவியவரும் அவரே. 1934-ல் அவருடைய வியாபாரம் மூடப்பட்டது. ஆனால் மதிப்புக் குறையவில்லை. இன்று சிங்கப்பூரில் ஒரு ரயில் நிலையம் அவர் பெயரால் விளங்குவதை நம்மவரும் அறிவர்.

சீனாவிலிருந்து டிரைவர்கள் வேண்டுமென்று கோரிக்கை வந்ததும், சம்மேளனம் 1939 பிப்ரவரி 7-ந் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கண்ட நிபந்தனைகளை நான் ஒரு கிராணியின் கண்ணோடு பார்த்தேன். ஆள் எடுப்பதற்கு எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். ஆசை வார்த்தை ஒன்றேனும் இல்லாத அறிக்கை இதுவே.

வருகிறவன் மோட்டார் ஓட்டுவதில் தேர்ந்து, இந்நாட்டு அரசாங்க லைசென்சு உடையவனாக இருக்க வேண்டும். வயது 20-க்குக் குறையாமலும் 40-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஓரளவு சீன எழுத்து அறிந்திருக்க வேண்டும். உடல் நலம் வேண்டும். தீய பழக்கம், விசேஷமாகக் குடிப்பழக்கம், கூடாது. உள்ளூர் நிவாரணச் சங்கமோ, நன்கறிந்த கடையோ, மனிதரோ அவனுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். சம்பளம் மாதம் சீன வெள்ளி 30. டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் ஒன்றே. வழிச் செலவை உள்ளூர்ச் சங்கம் கொடுக்கும். இவ்வளவுதான்.

இதில் இரண்டு நிபந்தனைகளை நம்மவர் கருத்தூன்றிப் பார்க்கவேண்டும். ஒன்று, குடி கூடாது என்பது. ஒரு காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை திறந்துவைத்து, உழைத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட நாடு இது. அதே நாட்டில், ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய கௌரவத்துக்கு முதல் தகுதி குடியாமை என்று ஒரு சமூகம் வகுத்தது. அதற்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. மலைவிளிம்பில் லாரி ஓட்டுகிறவன் குடித்தால் அவனும் சரக்கும் பள்ளத்தில் போவது உறுதி என்பதே காரணம். மற்றொன்று, சிபாரிசு. இதைக் கௌரவத்துக்காகக் கேட்கவில்லை. போகிறவன் இன்னான், இன்ன ஊரான், அவனை அறிந்தவர் இன்னார் என்று ஒரு புத்தகத்தில் எழுதிவைப்பதற்கு அதுவே வழி. இதன் அருமை பின்னால் விளங்கும்.

பதினோரு நாளில்

அறிக்கை வெளியான பதினோராம் நாள், பிப்ரவரி 18-ந் தேதி, முதல் தொகுதி 80 பேர் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார்கள். இந்தோசீனா வழியாக ரயிலேறிக் குன்மிங் சேர்வது அவர்கள் பயணம். அவர்களுக்குப் பின் தொகுதி தொகுதியாக மற்றவர்கள் புறப்பட்டனர். சில மாதங்களுக்குள் தொகை மூவாயிரத்தைத் தாண்டிற்று.

பதினோரு நாளில் ஒரு மனிதன் தன் வாழ்க்கையை எப்படி மடித்து வைக்கிறான்? எண்ணிப் பாருங்கள். முதலாளியிடம் சொல்லிக் கணக்குத் தீர்க்க வேண்டும். அறை வாடகை பாக்கியைக் கொடுக்க வேண்டும். கடைக் கடனை அடைக்க வேண்டும். தாய்க்கோ மனைவிக்கோ மாதந்தோறும் பணம் எவ்வழியாக வரும் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னே, போகிறேன் என்னும் செய்தியையே சொல்ல வேண்டும். லைசென்சைத் தேடி எடுப்பது எளிது. வாயைத் திறப்பதுதான் அரிது. எத்தனை வேண்டுமானாலும் மூட்டை கட்டலாம். இந்த ஒரு மூட்டை கட்டாவிட்டால் பயணம் நிறைவாகாது.

டான் கா கீ தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு மெக்கானிக்கைப்பற்றி எழுதியிருக்கிறார். அம்மனிதன் பத்து ஆண்டுக்கு மேலாக இந்நாட்டில் தொழில் செய்தவன். மாத வரும்படி 200 வெள்ளிக்கு மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி சில பத்துக் காசுகளாக இருந்த காலத்தில் அது பெரிய வரும்படி. அவன் அதை விட்டு, தன்னோடு வேலை செய்த பத்துக்கு மேற்பட்டோரையும் சேர்த்துக்கொண்டு, தன் பட்டறைக் கருவிகள் அனைத்தையும் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டான். இவ்வொரு செய்தி எனக்கு நூறு பிரசங்கத்துக்குச் சமமாகப் பட்டது. கருவியை விற்றுக் காசாக்கிக் குடும்பத்துக்கு வைத்துப் போயிருந்தாலும் அவனை யாரும் குறை கூறியிரார். ஆனால் போகுமிடத்தில் கருவி இராது என்பதை அவன் அறிந்திருந்தான். அங்கு என்ன இல்லை என்று விசாரித்து, அதை இங்கிருந்து கொண்டுபோனான்.

வீட்டுக்குத் தெரியாமல் போனவர்கள்

எல்லாரும் விடைபெற்றுப் போகவில்லை. சிலர் வயதைக் கூட்டியும் சிலர் பெயரை மாற்றியும் பதிந்துகொண்டனர். பெண்களும் சிலர் போயினர். அவர்களுள் இருவர் கதை இன்றும் பினாங்கில் பேசப்படுகிறது.

பாய் ஷுவே ஜியாவ் என்பவர் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த ஆசிரியை. நேரில் சொன்னால் தாய் தந்தையர் விடமாட்டார் என்று கருதி, வேறொரு பெயரில் பதிந்துகொண்டு, 1939 மே மாதத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். பெற்றோர்க்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அக்கடிதம் பிறகு சீனப் பத்திரிகையில் வெளிவந்து பலர் கண்ணிலும் நீரை வருவித்தது.

லீ யூ மெய் என்னும் மற்றொரு பெண்ணுக்கு, பெண் என்ற காரணத்தாலே இடம் மறுக்கப்பட்டது. அவர் ஆண் உடை தரித்து, ஆண் பெயர் கொடுத்துச் சேர்ந்தார். பர்மா ரோட்டில் லாரி ஓட்டினார். உடன் இருந்தவர்கள் அறியவில்லை. 1940-ல் அவர் ஓட்டிய லாரி கவிழ்ந்தது. வழியே வந்த மற்றொரு தொண்டர் அவரை இழுத்தெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. காப்பாற்றியவரையே அவர் பின்னர் மணந்தார். அவருடைய முடிவு துயரமானது. சீனாவில் கலாசாரப் புரட்சி நடந்த காலத்தில், 1968-ல், துன்புறுத்தப்பட்டு மாண்டார்.

பெண்ணால் லாரி ஓட்ட முடியுமா என்று கேட்பவர்க்கு, லாரி கவிழும்வரை யாரும் வித்தியாசம் காணவில்லை என்பதே விடை. ஆனால் பெற்றோர் அறியாமல் போனதைப்பற்றி என்ன சொல்வது? நான் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். அக்கடிதத்தைக் காலையில் கண்டெடுத்த தாயை எண்ணினால் என் நெஞ்சு வேகிறது. எனினும் பழி முழுவதும் மகள்மேல் இல்லை. மகன் போகிறேன் என்றால் மாலை போட்டு அனுப்பும் வீடு, மகள் போகிறேன் என்றால் கதவைச் சாத்தும் என்றால், மகள் பொய்ப் பெயரில் போவாள். கேள்வி கேட்டாலும் முடிவில் கேட்டுக்கொள்ளக்கூடிய வீடாக நம் வீடு இருக்குமானால், போகும் பிள்ளை மெய்ப் பெயரில் போகும். ஏதேனும் நேர்ந்தால் அப்பெயருக்கே செய்தியும் வந்து சேரும்.

மலையில்

குன்மிங் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் வேர்வையில் நனைந்து பழகிய மலாயா இளைஞர்களுக்கு அங்கே குளிர் புதிது. வந்தவர்களுக்கு முதலில் பட்டாளத்தார் முறையில் பயிற்சி தந்தார்கள். பிறகு லாரி.

பாதை பெரும்பாலும் ஒற்றை வண்டி அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். மீகாங் நதியையும் சால்வீன் நதியையும் தொங்கு பாலங்களில் கடக்கவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து வழியை மூடும்; சேற்றில் சக்கரம் புதையும். உயரத்தில் குளிர், பர்மா எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் கொசுவும் மலேரியாவும். லாரி பழுதானால், துணை வரும்வரை வண்டியிலேயே பட்டினி கிடக்கவேண்டும். 1940 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மூன்று மாதம், ஜப்பானின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கிப் பிரிட்டிஷார் பாதையை மூடினர். மறுபடி திறந்ததும் ஜப்பானிய விமானங்கள் பாலங்களைக் குறிவைத்துக் குண்டு போட்டன. பாலம் இடிய இடியச் செப்பனிட்டு வண்டியை விட்டார்கள்.

இந்த வேலையில் வீரச் சண்டை இல்லை. பதக்கம் இல்லை. இரும்பையும் மருந்தையும் பெட்ரோலையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவது, மறுபடியும் ஏற்றுவது. நாம் தோட்டத்தில் செய்யும் வேலையும் அத்தகையதே. நாள்தோறும் ஒரே மரத்தில் ஒரே கீறல். யாரும் பாராத வேலையே ஒரு நாட்டைத் தாங்குகிறது என்பதை அறிய நாம் யுன்னானுக்குப் போகவேண்டியதில்லை.

அனுப்பியவர் செய்ததும் செய்யாததும்

சம்மேளனத்தார் ஆட்களைக் கப்பலேற்றியதோடு கைகழுவவில்லை. 1939-லேயே தம் ஆள் ஒருவரை அனுப்பி, டிரைவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவரச் செய்தார்கள். கம்பளி இல்லை, கொசுவலை இல்லை, நோய்க்கு மருந்து இல்லை, வழியில் தங்க இடமில்லை என்று செய்தி வந்தது. இங்கே பணம் திரட்டி, வேண்டிய பொருள்களை வாங்கி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். 1940-ல் டான் கா கீ தாமே, 66 வயதில், ஒரு தூதுக்குழுவோடு சீனா சென்று, பர்மா ரோட்டில் பிரயாணம் செய்து, அத்தொழிலாளர்களை நேரில் கண்டார். தங்குமிடமும் வைத்தியமும் வேண்டுமென்று அதிகாரிகளிடம் வற்புறுத்தினார்.

ஆயினும், ஆளை வாங்கிக்கொண்ட சீன அரசின் ஆயத்தம் மிகக் குறைவாகவே இருந்தது. அதன் பலன் 1942-ல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் முடிவில் லாஷியோ விழுந்தது. மே 5-ந் தேதி, துரத்திவந்த ஜப்பானியர் கடக்காதபடி, சால்வீன் நதிப் பாலத்தைச் சீனப் படையே வெடிவைத்துத் தகர்த்தது. பர்மா ரோடு அறுந்தது. ரோடு இல்லாதபோது டிரைவர் எதற்கு? பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. பிப்ரவரி 15-ந் தேதியே சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்துவிட்டது. சீன நிவாரணத்துக்கு உதவியோரை ஜப்பானியர் தேடித் தேடிக் கொன்றனர். டான் கா கீ ஜாவாவில் ஒளிந்து வாழ்ந்தார். இங்கிருந்து அங்கே கடிதம் இல்லை. அங்கிருந்து இங்கே பணம் இல்லை. நாட்டுக்காக வந்தவர்களுள் பலர் குன்மிங் தெருக்களில் வேலையும் வீடுமின்றி அலைந்தார்கள்.

யுத்தம் 1945-ல் முடிந்தது. சம்மேளனம் மறுபடி உயிர்பெற்றவுடன் செய்த காரியங்களில் ஒன்று, தன் புத்தகத்தில் இருந்த பெயர்களுக்கு உரியவர்களைத் தேடுவதும், அவர்களைத் திருப்பி அனுப்பும்படி சீன அரசை வற்புறுத்துவதும் ஆகும். 1946-ல் திரும்பும் பயணம் தொடங்கிற்று. கணக்கு இதுவாம்: ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர், ஏறத்தாழ ஆயிரம் பேர் திரும்பினர், மற்றவர்கள் சீனாவிலேயே தங்கினர். போனவர் மூவரில் ஒருவர் இல்லை. 1947-ல் கோலாலம்பூரிலும், 1951-ல் பினாங்கிலும், 1989-ல் குன்மிங்கிலும் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். நான் ஆயர் ஈத்தாமில் கண்டது அவற்றுள் ஒன்று.

நம்முடைய கணக்கு

இவ்விடத்தில் வாசகர் கேட்கலாம்: “சீனர் கதையை எமக்கு எதற்காகச் சொல்கிறாய்?” என்று. சொல்கிறேன்.

பர்மா ரோடு அறுந்த அதே 1942-ல், அதே பர்மாவுக்கு மற்றொரு வழி தொடங்கிற்று. ஜப்பானியர் தம் படைக்குச் சரக்கு அனுப்புவதற்காகச் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அது 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக மலாயாவிலிருந்து 75,000-க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் பெரும்பாலார் நம்முடைய தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனது பாதி. லாரியில் பிடித்து ஏற்றிக்கொண்டு போனது பாதி. காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரவரைக் கொன்றன.

ஒருவர் விரும்பிப் போனார். ஒருவர் பிடிபட்டுப் போனார். அது முதல் வேற்றுமை. ஆனால் என் மனத்தை வருத்துவது இரண்டாவது வேற்றுமை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெயர், வயது, படைப்பிரிவு பொறித்திருக்கிறது. சீன டிரைவர்களின் பெயர்களைச் சங்கங்களின் புத்தகங்கள் காத்தன. நம்மவரில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போட்டவன் மாலையில் லயத்துக்குத் திரும்பவில்லை. அவ்வளவே. செக்ரோலில் ஒரு கோடு இழுத்துவிட்டு மறுநாள் வேறு பெயர் எழுதியிருப்பார்கள். என்னைப் போன்ற ஒரு கிராணிதான் அக்கோட்டை இழுத்திருப்பான். அதை நினைக்காமல் நான் என் பேனாவை எடுப்பதில்லை.

நம்மவரிலும் விரும்பிப் புறப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் நின்று அழைத்தபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் பெயர் கொடுத்தார்கள். ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களிலும் எத்தனை பேர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், எவர் திரும்பினார்கள் என்று தோட்டவாரியாக எழுதிவைத்த புத்தகம் நம் வீடுகளில் இருக்கிறதா? பாட்டியின் வாயில் இருந்தது. பாட்டி போனதும் போயிற்று.

இன்றும் நம் பிள்ளைகளில் சிலர் நிலநடுக்கம் கண்ட நாட்டுக்கும், போர் கண்ட நாட்டுக்கும், பள்ளிக்கூடம் இல்லாத கிராமத்துக்கும் தொண்டு செய்யப் புறப்படுகிறார்கள். அவர்களைப் போகவேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை; போகவேண்டும். ஆனால் போகுமுன் அந்த மெக்கானிக்கைப்போல விசாரிக்கட்டும்: அங்கே இல்லாதது எது, தன் கையில் உள்ளது எது என்று. கடனைத் தீர்க்கட்டும். வீட்டாரிடம் உண்மையைச் சொல்லட்டும். எத்தனை மாதம் என்பதையும் ஆபத்து என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். சம்பளமில்லாத மாதங்களில் தாய்க்கு அரிசி எங்கிருந்து வரும் என்பதை ஏற்பாடு செய்யட்டும். அனுப்பும் சங்கத்தாரும் மாலை வாங்கும் காசில் பாதியைக் கம்பளிக்கு வைக்கட்டும். போனவனைப் போய்ப் பார்த்துவர ஆள் வைக்கட்டும். வேலை அறுந்துபோனால் அவனைத் திருப்பிக் கொண்டுவரப் பணம் ஒதுக்கட்டும். 1942-ல் குன்மிங் தெருவில் நின்றவர்களுக்குக் குறையாக இருந்தது தைரியம் அன்று, இவ்வேற்பாடுதான்.

கடைசியாக வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தோட்டத்திலோ, பட்டணத்திலோ, வயது முதிர்ந்தவர் எவரேனும் இன்னும் இருப்பாரானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அருகில் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர் யார், படையில் சேர்ந்தவர் யார் என்று கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன வருஷம், திரும்பினாரா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் அழைத்த பெயரை எழுதுங்கள். நான் என் தோட்டத்தில் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினேழு பெயர் கிடைத்திருக்கிறது. அவற்றில் நான்குக்கு நேராகத்தான் “திரும்பினார்” என்று எழுத முடிந்தது.